சிங்கப்பூரில் இருந்துகொண்டு பனிச்சறுக்கு சீசன் பாஸ் வாங்கினால் கட்டுப்படியாகுமா?

கேட்டவர் சிங்கப்பூரில் வசிப்பவர். டிசம்பரில் குடும்பத்தோடு ஜப்பானுக்குப் போய் முதல்முறையாகப் பனிச்சறுக்குப் பழகியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டதால், அடுத்த ஆண்டுக்கு எப்பிக் பாஸ் அல்லது ஐக்கான் பாஸ் (முன்கூட்டியே ஒரு முறை காசு கட்டிவிட்டு, பருவம் முழுவதும் பல நாட்டு மலைகளில் சறுக்க உதவும் அமெரிக்கச் சீசன் பாஸ்கள்) வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறார்.

ஆண்டுக்கு ஒரு முறை ஜப்பானுக்கு மட்டும் போகும் குடும்பமாக இருந்தால், வேண்டாம். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நான் சீசன் பாஸை வெறுப்பவள் என்பதன்று. எங்கள் குடும்பத்தில் பாஸ் வாங்கி, அது முழுக்கவும் கட்டுப்படியான ஆண்டு ஒன்று உண்டு. அந்த ஆண்டில் எது பொருந்தி வந்தது, உங்களுக்கு அது பொருந்துமா என்பதை விளக்குவதற்காகத்தான் இந்தப் பதில் நீள்கிறது.

முதலில் ஜப்பான் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2025/26 பருவத்திற்கான பெரியவர் எப்பிக் பாஸ் விற்பனை தொடங்கியபோது 1,051 அமெரிக்க டாலர். ஐக்கான் பாஸ் 1,329 டாலர். எப்பிக் பாஸை நம் காசுக்கு மாற்றினால் 1,300 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் வருகிறது. ஹக்குபாவிலோ நிசேகோவிலோ ஒரு நாள் லிஃப்ட் டிக்கெட் (சறுக்குபவரை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கான கட்டணம்) பத்தாயிரம் யென்னை ஒட்டியோ சற்று மேலேயோ இருக்கும். யென் இப்போது கிடக்கும் கிடப்பில் அது நம் வெள்ளியில் நூறைச் சுற்றித்தான் வரும். அப்படியானால் போட்ட காசை எடுக்க ஏறத்தாழ இரண்டு வாரம் சறுக்க வேண்டும். ஆனால் எப்பிக் பாஸ் ஜப்பானில் தருவது ஹக்குபா பள்ளத்தாக்கில் தொடர்ச்சியாக ஐந்து நாள், ருசுட்சுவில் தொடர்ச்சியாக ஐந்து நாள், அவ்வளவே. ஒன்று நகானோ மாநிலத்தில் இருக்கிறது, மற்றது வடக்குத் தீவான ஹொக்கைடோவில் இருக்கிறது. இரண்டையும் ஒரே விடுமுறையில் முடித்து, ஒரு நாள்கூட வீணாக்காமல் சறுக்கினாலும் பாஸ் விலை திரும்பி வருவதில்லை. ‘தொடர்ச்சியாக’ என்ற நிபந்தனையையும் கவனியுங்கள். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் கொட்டுவதால்தான் அங்கே அத்தனை பனி. அதே காற்று வலுக்கும் நாளில் மேல்மலை லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். நின்றுபோன அந்த நாளும் உங்கள் ஐந்தில் ஒன்றாகக் கழிந்துவிடும்.

ஐக்கான் பாஸில் நிசேகோ யுனைடெட்டுக்கு ஏழு நாள் உண்டு, தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் விலையும் அதிகம். ஜப்பானுக்குள்ளேயே இரண்டு மூன்று ஊர்களுக்குப் போனால்தான் அது ஈடாகும். தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் அப்படி அலைவார்கள்?

இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாத ரகசியமன்று. இருந்தும் ஏன் இங்கே இத்தனை பேர் பாஸ் வாங்கலாமா என்று கேட்கிறார்கள் என்றால், பாஸ் விற்பவர்கள் அமெரிக்காவின் கொலராடோ மாநில விலையைக் காட்டி அவர்களை மலைக்க வைத்துவிடுகிறார்கள். அங்குள்ள வெயில் மலையில் கூட்டம் மிகுந்த நாள்களில் ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டுகிறது என்பது உண்மைதான். (வெயில் என்பது அந்த ஊரின் பெயர், நம் வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) ஆனால் அந்த விலையை வைப்பவரும் பாஸை விற்பவரும் ஒருவரே. வெயில் ரிசார்ட்ஸ் நிறுவனம் 2008இல் எப்பிக் பாஸை 579 டாலருக்கு அறிமுகப்படுத்தியதிலிருந்து அதன் வழி ஒன்றுதான்: பனி விழுமா விழாதா என்று தெரிவதற்கு முன்பே காசை வாங்கிவிடுவது. அதற்குத் தோதாக நாள் டிக்கெட்டின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. விற்பவனே கொண்டுவந்த எடைக்கல்லை வைத்து அவன் சரக்கை நிறுத்துப் பார்த்துவிட்டு, மலிவு என்று மகிழ்வதைப் போன்றது இது.

எனக்கு இதில் ஒரு பழைய எரிச்சலும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பயணக் கண்காட்சியில் என் நாத்தனார் குடும்பத்துக்கு ஹக்குபா பயணம் பதிவு செய்யப் போயிருந்தோம். முகவர், பெயர் வேண்டாம், நால்வருக்கும் முழு எப்பிக் பாஸ் எடுக்கச் சொல்லி, "ஒரு நாளுக்கு முந்நூறு டாலர் மிச்சம் அக்கா" என்று ஓர் அட்டவணையை நீட்டினார். அவர்கள் போவதோ ஹக்குபாவுக்கு. கொலராடோவின் டிக்கெட் விலையை ஏன் ஹக்குபாவுக்குப் போகிறவர்களிடம் காட்டுகிறீர்கள் என்று கேட்டேன். பாஸ் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாமே என்றார். நாத்தனாரின் கணவருக்கு ஆண்டுக்குப் பதினெட்டு நாள் விடுப்பு. அதில் ஊருக்குப் போக, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்க என்று எடுத்தது போக, எந்த நாளில் கொலராடோவுக்குப் போவது? கைப்பேசியில் கணக்குப் போட்டு அவரிடமே காட்டினேன். "வேண்டாம் என்றால் விடுங்கள் அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த குடும்பத்திடம் திரும்பிவிட்டார். கப்பல் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் இத்தனை காலம் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த அட்டவணை ஏற்படுத்திய அவமானம் இன்னும் ஆறவில்லை.

இனி, பாஸ் கட்டுப்படியான எங்கள் ஆண்டைப் பற்றி.

என் அண்ணன் கான்பராவில் இருக்கிறார். அவர் வீட்டிலிருந்து ஜிண்டபைனுக்கு இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். அங்கிருந்து மேலே ஏறினால் பெரிஷர் பனிச்சறுக்கு மலை. ‘அண்ணன் வீடு இருந்தால் நாங்களும் பாஸ் வாங்குவோம்’ என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறீர்கள், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்: ஆம், அதுதான் முதல் காரணம். பனிச்சறுக்குப் பயணத்தில் லிஃப்ட் டிக்கெட் ஒரு பங்குதான். விமானம், தங்குமிடம், உடை, பலகை வாடகை, பயிற்சி என்று மற்றவை வரிசையாக வந்து நிற்கும். பாஸ் இவற்றில் எதையும் குறைத்துத் தராது. தங்கும் செலவு இல்லாமல் போனவருக்குத்தான் கூடுதலாக ஒரு நாள் சறுக்குவது மலிவு. விடுதிக்கு இரவுக்கு நானூறு வெள்ளி கொடுப்பவருக்கு, பாஸ் இருக்கிறதே என்று பயணத்தில் ஒரு நாளைக் கூட்டினால் அந்த நாள் நானூறு வெள்ளிக்கும் மேலான நாள்.

இரண்டாவது காரணம், நம் பள்ளி நாள்காட்டி. இதைப் பலரும் யோசிப்பதில்லை. நம் பிள்ளைகளின் ஆண்டிறுதி விடுமுறை நவம்பர் பிற்பகுதியில் தொடங்கி டிசம்பரோடு முடிந்துவிடுகிறது. ஜப்பானில் பனி நன்றாகச் சேர்ந்து எல்லாச் சரிவுகளும் திறந்திருக்கும் காலம் சனவரியும் பிப்ரவரியும். டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் போனால் திறந்திருக்கும் சில சரிவுகளில் நெரிந்துகொண்டு சறுக்க வேண்டியிருக்கும். பனி பெருகும்போது பிள்ளைகள் வகுப்பறையில் இருப்பார்கள். சீனப் புத்தாண்டின் இரண்டு நாளை வைத்துப் போய்விடலாம் என்றால் விமானக் கட்டணம் கண்ணைக் கட்டும். எங்கள் வீட்டில் இன்னொரு தடையும் உண்டு: மாமியார் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர். தேங்க் ரோடு கோயிலுக்கு அவர் நடக்கும் நாளில் வீட்டில் யாரும் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆஸ்திரேலியப் பருவமோ சூன் நீண்ட வார இறுதியில் தொடங்கி அக்டோபர்த் தொடக்கம் வரை போகிறது. நம் சூன் விடுமுறை நான்கு வாரம் என்றாலும் அப்போது அங்கே பனி மெலிந்திருக்கும். இயந்திரம் தூவிய பனியில்தான் பெரும்பாலும் சறுக்க வேண்டும். ஆனால் செப்டம்பரில் வரும் நம் ஒரு வார விடுமுறை, அவர்களின் பனி வழக்கமாக உச்சத்தை ஒட்டியிருக்கும் நேரத்தில் விழுகிறது. பகல் குளிரும் சிறு பிள்ளைகள் தாங்கக்கூடியதாக இருக்கும். தொடக்கநிலை ஆறில் பிள்ளை இருக்கும் ஆண்டில் மட்டும் இதை மறந்துவிடுங்கள். தேர்வு முடியும் வரை அந்த வீட்டில் பனியைப் பற்றி யாரும் பேச முடியாது.

மூன்றாவது, அந்தப் பாஸின் அமைப்பு. எப்பிக் ஆஸ்திரேலியா பாஸ் பெரிஷர், ஃபால்ஸ் கிரீக், ஹோதம் ஆகிய மூன்று மலைகளிலும் நாள் வரம்பில்லாமல் செல்லும். முன்கூட்டி வாங்கினால் ஏறத்தாழ ஆயிரம் ஆஸ்திரேலிய வெள்ளி. பெரிஷரில் நாள் டிக்கெட் 200 வெள்ளிக்கு மேல். ஐந்து நாளில் காசு திரும்பிவிடும். அதே பாஸ் அடுத்து வரும் வடகோளக் குளிர்காலத்துக்கும் செல்லும் என்பதால் ஹக்குபாவின் ஐந்து நாளும் அதற்குள் வந்துவிடுகிறது. செப்டம்பரில் பெரிஷர், அடுத்து மார்ச் பள்ளி விடுமுறையில் ஹக்குபா என்று நாங்கள் அந்த ஆண்டைப் பிரித்துக்கொண்டோம். செப்டம்பர் வாரத்திலேயே பாஸ் தன் விலையை ஈட்டிவிட்டது. ஹக்குபா டிக்கெட்டுக்குத் தனியாக ஒரு யென்னும் கொடுக்கவில்லை. விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன என்பதால், வாங்கும் ஆண்டின் விதியை நீங்களே படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விட்டதாக எண்ண வேண்டாம். பெரிஷர் இருக்கும் கொசியஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் கார் நுழையக் குளிர்காலத்தில் நாளுக்கு 29 ஆஸ்திரேலிய வெள்ளி தனியாகக் கட்ட வேண்டும். பாஸ் அதற்கு உதவாது. அண்ணனின் காருக்குச் சக்கரச் சங்கிலி இல்லாததால் அதையும் வாடகைக்கு எடுத்தோம். நான்கு சக்கர இழுவை இல்லாத கார் அங்கே சங்கிலி இல்லாமல் போகக் கூடாது. மார்ச் மாதம் வந்தபோது என் கணவருக்கு முகாம் பயிற்சி. பாஸ் வாங்கியது பல மாதங்களுக்கு முன். போர்க்காலப் படைவீரருக்கான (தேசிய சேவையை முடித்த பிறகும் பயிற்சிக்குப் போக வேண்டியவருக்கான) அழைப்பு வந்தது அதற்குப் பிறகு. நானும் பிள்ளைகளும் மட்டும் ஹக்குபா போனோம், அவர் பச்சைச் சீருடையில் லிம் சூ காங்கில் கிடந்தார். பெரிஷரில் காசு ஏற்கெனவே திரும்பியிருந்ததால் அது வெறும் வருத்தமாக நின்றது, நட்டமாகவில்லை. இங்குள்ள ஆண்களுக்கு நாற்பது வயது வரையாவது இந்த நிச்சயமின்மை உண்டு. எட்டு மாதம் முன்னதாகக் காசு கட்டச் சொல்லும் எந்தப் பாஸையும் இதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

நிச்சயமின்மை நம் பக்கம் மட்டுமன்று. 2020 மார்ச் நடுப்பகுதியில் கொவிட் காரணமாக வட அமெரிக்க மலைகள் ஒரே வாரத்தில் மூடப்பட்டபோது, எப்பிக் பாஸ் வைத்திருந்தவர்களுக்குக் காசாகத் திருப்பித் தரவில்லை. பயன்படுத்தாத அளவைப் பொறுத்து 20 முதல் 80 விழுக்காடு வரை அடுத்த ஆண்டுப் பாஸில் கழிவு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு எல்லையைத் தாண்டவே முடியாத நிலையில் இருந்த நமக்கு அந்தக் கழிவால் என்ன பயன்?

விலை குறைந்த பாஸ்களும் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். எப்பிக் லோக்கல், ஐக்கான் பேஸ் போன்றவை மலிவுதான். ஆனால் அமெரிக்காவின் பல பெரிய மலைகளில் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் அவை செல்லாது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள சிங்கப்பூர்க் குடும்பம் அமெரிக்கா வரை போவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். உங்களுக்குப் பயன்படக்கூடிய நாள்களை மட்டும் கழித்துவிட்டு விற்கும் பொருளை மலிவு என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தம்பி வீட்டுக்குப் போகிறேன், ஒரே மலையில் ஒரு வாரம் முழுக்கச் சறுக்குவேன் என்பவருக்கு விடை வேறு. அங்கே நான்கைந்து நாளிலேயே பாஸ் ஈடாகிவிடும், அவர் தயங்க வேண்டியதில்லை. டிசம்பர்த் தொடக்கத்தில் விற்பனையை நிறுத்திவிடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பிள்ளைகள் இன்னும் சறுக்கப் பழகும் கட்டத்திலேயே இருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் அவர்கள் பகலின் பெரும்பகுதியை அடிவாரத்து நகரும் பாயிலும் (ஏறி நின்றால் சிறு சரிவின் மேலே கொண்டுபோய் விடுவது) பயிற்சி ஆசிரியரோடும்தான் கழிப்பார்கள். ஜப்பானில் பல மலைகளில் சில மணி நேரத்துக்கான டிக்கெட்டும் இரவுச் சறுக்குக்கான டிக்கெட்டும் தனித்தனியாக விற்கிறார்கள். பள்ளி வயதுக்குக் கீழான குழந்தைகளுக்குக் காசு வாங்காத மலைகளும் உண்டு. இந்த முறை அப்படியே எடுங்கள். பாஸுக்கு ஒதுக்க நினைத்த காசில், தமிழோ ஆங்கிலமோ பேசும் ஆசிரியர் கிடைத்தால் பிள்ளைகளுக்குப் பயிற்சியைக் கூட்டிக் கொடுங்கள். தமிழ் பேசுபவர் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.