இங்கிலாந்துல கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கிற நிலம் எது, அது இயற்கையாவே அப்படி அமைஞ்சதா?

இடத்தோட பேரு ஹோம் ஃபென், பீட்டர்பரோ ஊருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்துல இருக்கு. கடல் மட்டத்துக்குச் சுமார் 2.75 மீட்டர் கீழ, கிரேட் பிரிட்டன்லயே ரொம்பத் தாழ்வான இடம்னு இதைத்தான் சொல்வாங்க. இயற்கையா அமைஞ்சதான்னு கேட்டா, இல்லை. மனுஷன் தண்ணிய வடிச்சு வடிச்சு இறங்கிப் போன நிலம் இது. நான் இருக்கிறது கேம்பிரிட்ஜ்ஷயர்ல, இந்த நிலத்தோட கதை எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால பதில் கொஞ்சம் நீளமாவே போகும்.

முதல்ல அந்தத் தூணைப் பத்திச் சொல்லிடறேன். ஹோம் ஃபென்ல பிர்ச் மரங்கள் அடர்ந்த ஒரு காடு இருக்கு, அதுக்குள்ள நடந்து போனா ஒரு இரும்புத் தூண் நிக்கும். 1850கள் தொடக்கத்துல பக்கத்துல இருந்த விட்டில்சி மியர்ங்கற பெரிய ஏரிய வத்த வைக்கறப்போ, தண்ணி போனா நிலம் எவ்வளவு இறங்கும்னு பார்க்கறதுக்காக, அந்த நிலத்தோட சொந்தக்காரர் வில்லியம் வெல்ஸ் அதைப் புதைக்க வச்சார். அடியில இருக்கிற களிமண்ணு வரைக்கும் இறக்கி, தூணோட உச்சி சரியா தரை மட்டத்துல இருக்கிற மாதிரி நிறுத்தினாங்க. இன்னைக்கு அந்த உச்சி நம்ம தலைக்கு மேல, தரையிலேர்ந்து சுமார் 4 மீட்டர் உயரத்துல இருக்கு. தூண் நகரவே இல்லை, சுத்தி இருந்த தரைதான் அவ்வளவு கீழ போயிருக்கு. பக்கத்துல நின்னு அண்ணாந்து பார்த்தாத்தான் அந்த 4 மீட்டர் எவ்வளவுன்னு உறைக்கும், எண்ணாப் படிக்கறப்போ ஒண்ணும் தெரியாது.

ஏன் இறங்குச்சு? இந்தப் பகுதி முழுக்க ஃபென்ஸ்னு சொல்ற சதுப்பு நிலம், கேம்பிரிட்ஜ்ஷயர், லிங்கன்ஷயர், நார்ஃபோக்னு பரந்து கிடக்கு, மொத்தம் கிட்டத்தட்ட 4000 சதுர கிலோமீட்டர். கிரேட் ஊஸ், நீன், வெல்லண்ட், விதம்னு நாலு ஆறு இது வழியா வந்து வாஷ்ங்கற விரிகுடாவுல கடலோட சேருது. தெற்குப் பக்கம் ஆயிரக்கணக்கான வருஷமா செடி கொடி செத்துத் தண்ணிக்குள்ளயே மக்காம சேர்ந்து சேர்ந்து பீட்ங்கற கறுப்பு மண்ணாயிடுச்சு. தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் அது அப்படியே இருக்கும். தண்ணிய வடிச்சா முதல்ல வெயில்ல போட்ட வத்தல் மாதிரி சுருங்கும், அப்புறம் காத்து உள்ள போகும், நுண்ணுயிரிகள் அந்த மண்ணைத் தின்னு கார்பன் டை ஆக்ஸைடா வெளியே விடும், மிச்சம் இருக்கிறதும் வறண்ட வசந்த காலத்துல பலத்த காத்து அடிச்சா கறுப்புப் புழுதியா கிளம்பிப் போயிடும். அதாவது மண்ணு அமுங்கறது மட்டும் இல்லை, பெரும்பகுதி நிஜமாவே காணாமப் போகுது.

இதை யார் ஆரம்பிச்சதுன்னா, ரோமானியர் காலத்துலயே சின்ன அளவுல வேலை நடந்திருக்கு, ஆனா பெரிசா நடந்தது 17ஆம் நூற்றாண்டுல. 1630கள்ல பெட்ஃபோர்டின் 4ஆவது ஏர்ல் (ஏர்ல்னா ஒரு பிரபுப் பட்டம்) பிரான்சிஸ் ரஸ்ஸல் தலைமையில 13 பேர் பணம் போட்டாங்க, வேலை முடிஞ்சா அவங்களுக்கு 95,000 ஏக்கர் நிலம்னு ஒப்பந்தம், அதுல ராஜா முதலாம் சார்லஸுக்கு 12,000 ஏக்கர் பங்கு. இன்ஜினியரா கூட்டிட்டு வந்தது நெதர்லாந்துக்காரர் கார்னிலியஸ் வெர்முய்டன். அவரோட யோசனை எளிமையானது, ஆறு வளைஞ்சு வளைஞ்சு மெதுவா போறதாலதான் வெள்ளம் தேங்குது, நேரா ஒரு கால்வாய் வெட்டிட்டா தண்ணி வேகமா கடலுக்குப் போயிடும். இயரித்ங்கற ஊர்லேர்ந்து டென்வர்ங்கற ஊர் (அமெரிக்க டென்வர் இல்லை, இங்கயே இருக்கிறது) வரைக்கும் சுமார் 21 மைல் நேர்கோடா வெட்டினாங்க, 1637ல முடிஞ்சது. அது பத்தலை, குளிர்காலத்துல திரும்ப வெள்ளம். அதனால ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர் முடிஞ்சப்புறம் அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு வெட்டி 1651ல முடிச்சாங்க. இதை வெட்டினது யாருன்னு பார்த்தா மனசு கனத்துப் போகும், 1650ல டன்பார் சண்டையில பாராளுமன்றத் தளபதி குரோம்வெல்லோட படை பிடிச்ச ஸ்காட்லாந்துக் கைதிகளைக் கொண்டு வந்து இந்தச் சேத்துல இறக்கி வேலை வாங்கியிருக்காங்க. இன்னைக்கு மேப்ல ரெண்டு நேர்கோடு பளிச்சுனு தெரியும், அதுல ரெண்டாவது அவங்க கையால வெட்டினது.

ரெண்டு கால்வாய்க்கும் நடுவுல இருக்கிற நீளமான புல்வெளிய வேணும்னே காலியா விட்டாங்க, வெள்ளம் வந்தா அங்க நிக்கட்டும்னு. 370 வருஷம் கழிச்சும் அது அதே வேலையைத்தான் செய்யுது, குளிர்காலத்துல தண்ணி நின்னா வடக்கேருந்து ஆயிரக்கணக்குல ஊப்பர் அன்னங்கள் வந்து இறங்கும். (முதல் கால்வாய் ரொம்ப நேரா இருக்கறதால பூமி தட்டையா உருண்டையாங்கற பந்தயமே 1870ல அங்க நடந்திருக்கு, தட்டைன்னு சொன்ன ஆளுக்கு எதிரா நின்னு நிரூபிச்சது இயற்கை விஞ்ஞானி ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், பந்தயம் 500 பவுண்டு.)

நிறைய பேர் எழுதறப்போ "உபயோகமில்லாத சதுப்பு நிலத்தை விளைநிலமா மாத்தினாங்க"ன்னு எழுதிடறாங்க, அதை நான் ஒத்துக்க மாட்டேன். அங்க இருந்த ஜனங்களுக்கு அது உபயோகமில்லாத நிலம் இல்லை. விலாங்கு மீன், காட்டு வாத்து, கூரை வேய நாணல், அடுப்பெரிக்க பீட், கோடையில தண்ணி வத்தினா மாடு மேய்க்கப் புல், எல்லாமே பொதுவா கிடைச்சுது. விலாங்கு அவ்வளவு கிடைச்சதால வாடகையவே விலாங்காக் கட்டினது 1086ல எழுதின டூம்ஸ்டே கணக்குப் புத்தகத்துல இருக்கு. நிலத்தை வேலி போட்டுப் பங்கு பிரிச்சப்போ அவங்க சும்மா இருக்கலை, கரையை உடைச்சாங்க, வெட்டின வாய்க்காலை ராத்திரியோட ராத்திரியா மூடினாங்க. அவங்களை ஃபென் புலிகள்னு இன்னைக்கும் பெருமையா சொல்வாங்க. சுகமான வாழ்க்கைன்னும் சொல்ல மாட்டேன், கொசுவால மலேரியாக் காய்ச்சல் அங்க சர்வ சாதாரணம், அதுக்குக் கசகசாக் காயைக் கொதிக்க வச்சுக் குடிக்கற பழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் இருந்துது. ஆனா யாரைக் கேட்டு மாத்தினாங்கங்கற கேள்வி நியாயமானது.

சரி, வெர்முய்டன் எதிர்பார்க்காத சிக்கல் இங்கதான் வருது. தண்ணி தானா சரிஞ்சு ஓடும்னு நம்பி வெட்டினாங்க, ஆனா வடிச்ச உடனே வயல் இறங்க ஆரம்பிச்சுடுச்சு, வண்டல் படிஞ்ச ஆறு மட்டும் மேலயே நின்னுடுச்சு. அப்போ வயல் தண்ணிய ஆத்துக்கு மேல ஏத்தியாகணும். அதுக்குக் காத்தாலை வச்சாங்க, தண்ணி வெளியேற வெளியேற நிலம் இன்னும் இறங்குச்சு, ஒரு காத்தாலை பத்தாம ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு வச்சாங்க, அதுவும் பத்தாம நீராவி இன்ஜின் வந்துது, அப்புறம் டீசல், இப்ப கரண்ட் பம்ப். விட்டில்சி மியரை வத்த வச்சது 1851 லண்டன் பெரிய கண்காட்சியில காட்டின ஆப்போல்டோட சுழல் பம்ப்தான். அந்த ஏரிச் சேத்துக்குள்ளேர்ந்து ராம்சி மடத்தோட வெள்ளித் தூபக்கலசம் கிடைச்சுது, பல நூறு வருஷம் தண்ணிக்கடியில கிடந்தது, இப்ப லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு.

இப்ப ஃபென்ஸ்ல எந்த ரோட்டுல போனாலும் வயல் கீழ, ரோடு நடுவுல, ஆறு மேல. கரை மேல ஏறினாத்தான் ஆறு கண்ணுக்கே தெரியும். கரை உடைஞ்சா என்ன ஆகும்னு 1947 மார்ச்ல பார்த்தாங்க, கடும் பனி ஒரே மூச்சுல உருகி, உறைஞ்ச தரை தண்ணிய உறிஞ்சாம, மேல புயலும் சேர்ந்து ஊரு ஊரா மூழ்குச்சு. அதுக்கப்புறம்தான் டென்வர்ல புதுக் கால்வாய்களும் மதகுகளும் கட்டி 1964ல முடிச்சாங்க.

இவ்வளவு சொல்லிட்டு இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், இங்கிலாந்துல முதல் தர விவசாய நிலம்னு வகைப்படுத்தினதுல கிட்டத்தட்ட பாதி இங்கதான் இருக்கு. உருளைக்கிழங்கு, சர்க்கரை எடுக்கிற பீட்ரூட், செலரி, வெங்காயம், கோதுமை, எல்லாம் அந்தக் கறுப்பு மண்ணுல வர்றது. உழும்போது இன்னமும் பீட்டுக்குள்ள புதைஞ்ச பழைய ஓக் மரம் கலப்பையில தட்டும். 2012ல கிடைச்ச ஒரு மரம் சுமார் 5000 வருஷப் பழசு, 13 மீட்டருக்கு மேல நீளம், அதை முழு நீளத்துக்குப் பலகையா அறுத்து மேசை செஞ்சு ஈலி கதீட்ரல்ல வச்சிருந்தாங்க, நிலக்கரி மாதிரி அப்படி ஒரு கறுப்பு. அது மேல வர்றதுக்குக் காரணமும் மண்ணு கரைஞ்சு போறதுதான்.

மிச்சம் இருக்கிற பீட்டைக் காப்பாத்த ஹோம் ஃபென் சுத்துவட்டாரத்துல கிரேட் ஃபென்னு ஒரு திட்டம் நடக்குது, வயலை வாங்கித் திரும்ப ஈரமாக்கறாங்க. விவசாயிகள்ல சில பேருக்கு இதுல வருத்தம், சாப்பாடு எங்கேர்ந்து வரும்னு கேக்கறாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் புரியுது, ஆனா இப்ப உழற மாதிரியே உழுதா பல இடத்துல பீட் தீர்ந்து அடிக் களிமண்ணுதான் மிஞ்சும், அதனால தண்ணிய மேல ஏத்தி வச்சுட்டுப் பயிர் பண்ற வழியைச் சீக்கிரம் கண்டுபிடிக்கறதுதான் சரின்னு நினைக்கறேன்.

நேர்ல பார்க்கணும்னா பீட்டர்பரோவுலேர்ந்து ஈலி போற ரயில்ல ஏறுங்க, மார்ச் ஸ்டேஷன் தாண்டி மேனியாவுக்கு அப்புறம் அந்த ரெண்டு கால்வாயையும் ரயில் கடக்கும், குளிர்காலமா இருந்தா ரெண்டு பக்கமும் தண்ணி. பழைய நீராவி பம்ப் பார்க்க ஸ்ட்ரெத்தம் போகலாம், 1831ல வச்சது. தூணைப் பார்க்கப் போறவங்க மழைக்காலமா இருந்தா பூட்ஸ் போட்டுட்டுப் போங்க.