அறையும் ஒரு ரூபாயும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஹாக்கி கோச் போன மாதம் காலமானார். முப்பதாம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறோம். என்னை இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்தால் 'கண்டிப்பானவர், கனிவானவர்' என்பதற்கு மேல் வரவில்லை. அவர் பேசுகிற மாதிரியே வட்டார வழக்கில் எழுதலாமா? நாங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரைப் போடலாமா? இன்னொன்று. ஸ்டிக்காலேயே அடிப்பார். அந்த அடிதான் எங்களை ஆளாக்கியது. கிரிக்கெட் கோச் அச்ரேக்கர் அறைந்ததால்தானே சச்சின் கிடைத்தார்? இன்றைக்குப் பிள்ளைகளைத் தொட முடியவில்லை, அதனால் யாரும் உருவாகவில்லை என்று கட்டுரையை முடிக்கப்போகிறேன். சரிதானே?

(கோவில்பட்டியிலிருந்து. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோச்சுக்கு என் அஞ்சலி. வட்டார வழக்கில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பட்டப்பெயரை அவர் வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். நான் இப்போது உட்கார்ந்து எழுதுவது உங்கள் கடைசி மூன்று வரிக்காக. 2019 ஜனவரி 2 அன்று அச்ரேக்கர் இறந்ததிலிருந்து இந்த அறையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கல்யாண வீட்டில்கூட ஒருவர் சொன்னார், பந்தியில், வாயில் அப்பளத்தோடு.

அறை நடந்தது உண்மைதான். டெண்டுல்கரே சொல்லியிருக்கிறார். ஆனால் கதை அறையில் ஆரம்பிக்கவில்லை. பையனுக்குப் பயிற்சி வேண்டும் என்று அச்ரேக்கர் அன்றைக்கு ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்திருந்தார். அந்த டீம் கேப்டனிடம் பேசி, இவன் நாலாவதாக இறங்குவான், ஃபீல்டிங் செய்ய வேண்டாம் என்று இடமும் பிடித்து வைத்திருந்தார். பையன் அங்கே போகாமல், தன் பள்ளியின் சீனியர் டீம் ஆடிய, மும்பைப் பள்ளிகளுக்கான ஹாரிஸ் ஷீல்டு ஃபைனலுக்குக் கை தட்டப் போய்விட்டான். அங்கே அச்ரேக்கரிடம் மாட்டிக்கொண்டான். எத்தனை ரன் அடித்தாய் என்று கேட்டவருக்கு வந்த கோபம் அது. அடுத்தவருக்கு நீ கை தட்ட வேண்டாம், மற்றவர்கள் உனக்குக் கை தட்டும்படி ஆடு என்றார். அறைக்கு முன்னால் அவர் அந்த கேப்டனிடம் போய் நின்றிருக்கிறார், பாருங்கள். அதை யாரும் சொல்வதில்லை. அது கஷ்டமான வேலை. அறைய ஒரு நொடி போதும்.

இதையும் கேளுங்கள். பதினோரு வயதில் பையனை அண்ணன் அஜித் மும்பை சிவாஜி பார்க் மைதானத்துக்குக் கூட்டிப்போனபோது, அச்ரேக்கர் முன்னால் அவனுக்கு ஆட்டமே வரவில்லை. நடுக்கம். அண்ணன் கேட்டுக்கொண்டதால் அவர் கிளம்பிப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஊரே சார் என்று எழுந்து நிற்கிற மனிதர், ஒரு சின்னப் பையனுக்குக் கூச்சம் போகட்டும் என்று ஒளிந்துகொண்டார். நெட்டில் ஸ்டம்ப் மேல் தன் ஒரு ரூபாயை வைப்பார். அவுட்டாக்குகிறவனுக்கு அந்த ரூபாய், கடைசி வரை நின்றால் சச்சினுக்கு. அப்படிச் சேர்ந்த 13 நாணயங்களை டெண்டுல்கர் பெரிய பொக்கிஷமாகச் சொல்வார். ஓர் ஆட்டம் முடிந்ததும் பையனை ஸ்கூட்டரில் ஏற்றி அடுத்த மைதானத்துக்குக் கொண்டுபோவார். ஸ்டேட் பாங்கில் வேலை பார்த்த மனிதர், பெட்ரோல் அவருடையது. இந்தியாவுக்கு ஆடிய பல்விந்தர் சந்து, பண்டிட், ஆம்ரே, அகார்கர் என்று அவரிடம் வளர்ந்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர். (29 வருஷத்தில் ஒருமுறைகூட 'நன்றாக ஆடினாய்' என்று அவர் சொன்னதில்லை என்பார் டெண்டுல்கர். அதைப் பற்றி எனக்கு வேறொரு சண்டை இருக்கிறது, இன்னொரு நாள்.)

இவ்வளவையும் விட்டுவிட்டு அந்த ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஏனென்றால் அதுதான் காசில்லாமல் நம்மால் செய்ய முடிவது. ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட வேண்டும், மரத்துக்குப் பின்னால் நிற்கப் பொறுமை வேண்டும். கை எல்லாருக்கும் இருக்கிறது.

அடி வாங்கி ஆளானவர்கள்தான் மேடையில் ஏறி அடியைப் புகழ்கிறார்கள் ஐயா. அடி வாங்கி வீட்டுக்குப் போனவன் எந்த மலரில் எழுதினான்? நான் போனவன். ஆறாம் வகுப்பில், எந்தப் பள்ளி என்பது வேண்டாம், வாலிபால் சர்வீஸ் மூன்று முறை வலையில் பட்டதற்கு விசில் கயிற்றால் கழுத்தில் ஒன்று விழுந்தது. மறுநாள் வயிற்றுவலி என்றேன். அந்த வயிற்றுவலி இரண்டு வருஷம் இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் வேறு ஊர், வேறு பி.டி. சார். கணக்கு வாத்தியார் பி.டி. பீரியடைக் கடன் கேட்டு வந்தால், "நான் உங்க பீரியட்ல பசங்கள ஓடவிடட்டுமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார். மைதானப் பக்கமே வராத என்னிடம் ஒரு வேலையும் சொல்லவில்லை. பந்துக்குக் காற்றடிக்கும்போது பம்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். ஊசியை நாக்கில் வைத்து ஈரமாக்கித்தான் பந்தின் ஓட்டையில் இறக்குவார். காய்ந்த ஊசி பந்துக்குள் இருக்கிற பிளாடரைக் கிழித்துவிடுமாம். காற்றடித்த பந்தைக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்து, "அந்தப் பக்கம் போடு" என்றார். போட்டேன். வலையில் பட்டது. அவர் அதைப் பார்க்கவே இல்லை, அடுத்த பந்துக்கு ஊசியை நனைத்துக்கொண்டிருந்தார். பார்த்தார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. ஏனென்றால் மறுநாள் வலை நாலு விரல் கீழே இறங்கியிருந்தது.

உங்கள் கோச்சும் ஏதாவது ஒரு வலையை இறக்கியிருப்பார். உடைந்த ஸ்டிக்குக்கு டேப் சுற்றிக் கொடுத்தது யார்? வெளியூர் மேட்ச்சுக்குப் போனால் பரோட்டாவுக்குக் காசு கொடுத்தது யார்? காலையில் ஐந்து மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடித்தது யார்? இதை எழுதுங்கள். அடித்ததையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். நீங்கள் எழுதுவது நினைவு மலர், கோயில் தலபுராணம் இல்லை. 'ஆளாக்கியது' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.

அப்புறம், உங்கள் டீமில் பாதியில் நின்றுபோன பையன் ஒருவனாவது இருந்திருப்பான். இப்போது எங்கேயோ கடை வைத்திருப்பான். அவனைத் தேடிப்போய் ஒரு பத்தி வாங்கிப் போடுங்கள். தரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.