எல்எம்வி லைசென்ஸ் வண்டிக்குப் போதும், சிலிண்டருக்குப் போதுமா?

கேள்வி: கோவையில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். சொந்தமாக டாடா ஏஸ் இருக்கிறது. சைட் வேலைக்கு ஆக்சிஜன் சிலிண்டர், டிஏ (கரைந்த அசிட்டிலின்) சிலிண்டர், ஜெனரேட்டருக்கு ஒரு கேன் டீசல் எல்லாம் அதிலேயே போகும். ஓட்டும் பையனிடம் எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ்தான், சரக்கு வண்டிக்கான பேட்ஜ் கிடையாது. அதுவே போதும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதாமே, சரியா சார்? கம்ப்ரஸரை டிராலியில் கட்டி இழுத்துப் போனால் வேறு ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் சரி. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ரம்பா தேவி வழக்கில், மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்எம்வி லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம், தனி அனுமதி (பேட்ஜ்) தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. ஏஸ் இதில் தாராளமாக அடங்கும். கம்பியும் ஆங்கிளும் ஏற்றிப் போகும் வரை உங்கள் பையனுக்குப் பேட்ஜ் வேண்டாம். வண்டியின் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாததால் பெர்மிட்டும் வேண்டாம்.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கான தனித் தகுதிகள் அப்படியே தொடரும் என்கிறது. பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 9 வண்டி சின்னதா பெரியதா என்று பார்ப்பதில்லை, அதில் என்ன ஏற்றியிருக்கிறது என்றுதான் பார்க்கிறது. உங்கள் சிலிண்டர்கள் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றும் டிரைவர் 3 நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். தமிழ் போல ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை வைத்து ஆர்டிஓ அலுவலகத்தில் லைசென்ஸில் பதிவு செய்து தருவார்கள். 2019 திருத்தத்துக்குப் பின் இது 3 ஆண்டு செல்லும். விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய டிரெம் கார்டும் டிரைவர் கையில் இருந்தாக வேண்டும்.

லைசென்ஸைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் லோடு ஏற்றும் விதம். ஆக்சிஜனையும் அசிட்டிலினையும் ஒரே வண்டியில் ஏற்றக்கூடாது. எரியும் வாயு சிலிண்டரை வேறு எந்த வாயு சிலிண்டரோடும் சேர்த்துக் கொண்டு போகக்கூடாது என்பது எரிவாயு சிலிண்டர் விதிகளில் இருக்கும் விஷயம். காற்றில் 2.5 சதவீதம் கலந்தாலே அசிட்டிலின் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் ஆக்சிஜனும் கசிந்தால், ஒரு பொறி போதும்.

பட்டறையில் பயன்படும் ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு, மெரூன் நிறம் அசிட்டிலின். மெரூன் சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த பொருள் இருக்கும். அதில் ஊறிய அசிட்டோனில்தான் வாயு கரைந்திருக்கிறது. படுக்க வைத்துக் கொண்டுபோனால் அசிட்டோன் வால்வுக்கு ஓடி வந்துவிடும். அதனால் எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். படுத்த நிலையில் வந்து சேர்ந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகுதான் திறக்க வேண்டும். கிளம்பும் முன் ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்கு மேல் மூடியைத் திருகிவிடுங்கள். வண்டியில் ஒன்றோடொன்று இடிக்காதபடி கட்டையால் முட்டுக் கொடுத்து, சங்கிலியோ பெல்ட்டோ போட்டுக் கட்டுங்கள். ஒற்றைக் கயிறு பிரேக் அடித்தால் தாங்காது. பாடி திறந்ததாக இருக்கட்டும். மூடிய கன்டெய்னர் பாடியில் கசிவு உள்ளேயே தேங்கும். பைக்கில் சிலிண்டர் எடுத்துப்போகும் பழக்கம் பட்டறையில் யாருக்காவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள், அது தடை செய்யப்பட்டது.

இதற்கெல்லாம் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கேஸ் டீலரையே சைட்டுக்கு நேராக டெலிவரி செய்யச் சொல்லுங்கள். சிலிண்டருக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை ஆகும், ஆனால் டிரைவர் பயிற்சி, எச்சரிக்கைப் பலகை, டிரெம் கார்டு எல்லாம் அவர் பொறுப்பாகிவிடும். மாதத்தில் இரண்டு மூன்று முறைதான் சிலிண்டர் போகிறது என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். தினமும் போகிறது என்றால் பையனைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அப்போதும் ஆக்சிஜன் ஒரு நடை, டிஏ தனி நடை.

டீசல் பிரச்சினை இல்லை. ஓரிடத்தில் 2,500 லிட்டர் வரை, எந்தப் பாத்திரமும் 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளாதவரை, பெட்ரோலியச் சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லை. பெட்ரோலுக்கு 30 லிட்டர்தான் எல்லை, விற்பனைக்காகவும் இருக்கக்கூடாது. ஆனால் சிலிண்டர் ஏற்றிய நடையில் எந்தக் கேனும் வேண்டாம்.

டிராலிக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டப்படி அது டிரெய்லர், தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதன் நம்பர் பக்கவாட்டிலும், இழுக்கும் வண்டியின் நம்பர் டிராலியிலும் தெரிய வேண்டும். லேத்தில் கொடுத்து அடித்த டிராலிக்கு இதெல்லாம் இருப்பது அபூர்வம். ஏஸ் போன்ற சிறிய வண்டியில் மாட்டுவதற்கு முன், இழுவைக்குத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று மேனுவலைப் பாருங்கள்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். டிரைவரிடம் உரிய பதிவு இல்லாவிட்டால், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, பிறகு அதை உங்களிடம் வசூலிக்க உத்தரவு வாங்க முடியும். அபாயகரமான சரக்கு வண்டிக்கு 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி இன்னொரு பாலிசியும் வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு. நீங்கள் ஏற்றும் வாயுவின் பெயரையும் அளவையும் எழுதி, உங்கள் பாலிசி இதற்குச் செல்லுமா என்று கம்பெனிக்கு மெயில் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஏஜென்ட் போனில் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள்.