போர் பாதித்த நாடுகளில் மருத்துவ வழிகாட்டல் திட்டங்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகின்றன?

வழிகாட்டல் என்பது வகுப்பெடுப்பது அல்ல. மூத்த மருத்துவர் ஒருவர் பயிற்சி மருத்துவரை மாதக்கணக்கில் கவனித்து, "இந்த மருந்தை ஏன் எழுதினாய்?" என்று கேட்டுக் கேட்டுத் திருத்துவது.

போர் வந்தால் இந்த மூத்தவர்கள் பலர் வெளியேறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டு மருத்துவர்கள் இணையம் வழியே அந்த இடத்தை நிரப்பலாம். ஆனால் எல்லாம் ஒரு தன்னார்வலரின் ஓய்வு நேரத்தை நம்பியிருந்தால், அவர் ஒதுங்கியதும் திட்டமும் படுத்துவிடும்.

அம்மா போனில் ரசம் வைக்கச் சொல்லித் தருவதைப் போலத்தான். "நுரை கட்டியதும் இறக்கு" என்று அவர் சொல்லலாம். கட்டிவிட்டதா என்று பார்க்க அடுப்படியில் விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த உள்ளூர் ஆளை வளர்க்காத திட்டம் நிலைக்காது என்பேன்.

கிழக்கு ஆப்பிரிக்காவில், சோமாலியாவிலிருந்து பிரிந்து தனியாக இயங்கும் சோமாலிலாந்தைப் பாருங்கள். 1988 குண்டுவீச்சில் அதன் தலைநகர் ஹர்கெய்சாவின் பெரும்பகுதி இடிந்தது. 2000 வாக்கில் லண்டன் கிங்ஸ் கல்லூரியோடு தொடங்கிய மருத்துவக் கூட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. தனி நபர்களோடு நிற்காமல், அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்து நடந்தது அது.

அப்புறம், வேகமான இணையம் இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சோமாலிலாந்தில் இணையம் வழியே நடந்த பல பாடங்கள் வீடியோவே இல்லாமல், வெறும் எழுத்து உரையாடலில்தான் நடந்தன.