பழைய டேபிள் ஃபேன் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை. மோட்டாருக்குள் இருக்கும் காயில் (செப்புக்கம்பிச் சுற்று) போய்விட்டதா?

அவசரப்பட்டு ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த எங்கள் ஃபேனுக்கும் இதே வியாதிதான். இரும்புத் தலை, பித்தளை இறக்கை, தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். பார்த்த மெக்கானிக் மூடியைக்கூடத் திறக்காமல் "காயில் எரிஞ்சிருக்கும் சார்" என்றார். எரிந்திருந்தால் தீய்ந்த நாற்றம் அடிக்கும், சுற்றுக்கம்பி கருத்திருக்கும். திறந்து பார்த்தால் அப்படி எதுவும் இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறக்கையைச் சுண்டிப் பாருங்கள். நல்ல ஃபேன் சில சுற்றாவது தானாக ஓடி நிற்கும். எங்களுடையது கால் சுற்றிலேயே நின்றது. கழற்றினால் ஷாஃப்ட் (இறக்கையைத் தாங்கிச் சுழலும் தண்டு) முழுக்கப் பழுப்பாக ஒரு பிசின். முகர்ந்தேன், சிக்கு வாடை. தேங்காய் எண்ணெய்! பாட்டி தன் தலைக்குப் போக மிச்சத்தை வருஷக்கணக்காக ஃபேனுக்கும் தேய்த்திருக்கிறார். தூசியோடு சேர்ந்து இறுகிவிட்டது. காயிலில் படாமல் ஷாஃப்டையும், அது நுழைந்து சுழலும் உலோக வளையமான புஷ்ஷையும் மட்டும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, புஷ்ஷைச் சுற்றியிருக்கும் கம்பளி வளையத்தில் தையல் மெஷின் எண்ணெய் நாலைந்து சொட்டு விட்டேன்.

இப்போது கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிளக்கில் போட்டால் மறுபடியும் உறுமல்தான்! ஈர்க்குச்சியால் லேசாகத் தள்ளினேன், சுற்றியது. நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் தள்ளினால் அந்தப் பக்கமும் சுற்றியது. அப்படியானால் கண்டென்சர் (கெபாசிட்டர்) போய்விட்டது. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று முதல் உந்தல் கொடுப்பது அதுதான். பழையதில் போட்டிருந்த அதே எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்) அளவில் புதிது வாங்கி மாட்டியதும் ஜிவ்வென்று கிளம்பியது. (பழையதைத் தொடும் முன் அதன் இரண்டு முனைகளையும் ஒரு பல்பு வழியாக இணைத்து, மிச்சக் கரண்டை இறக்கிவிடுங்கள்.)

ஒன்றை மட்டும் சோம்பல்படாமல் செய்யுங்கள். துணி சுற்றிய பழைய வயர் தொட்டாலே பொடிகிறது, உடம்போ முழுக்க இரும்பு. டூ பின்னைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று கம்பி வயர் மாற்றி, எர்த்தை உடம்போடு முடுக்குங்கள். சீரிஸ் பல்பு (கரண்ட் வரும் வழியில் தொடராக மாட்டிய சோதனை பல்பு) வைத்து ஃபேன் உடம்பில் கரண்ட் கசிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பல்பு லேசாக மினுக்கினாலும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவது நல்லது.

தலை திரும்பும் பல்சக்கரம் தேய்ந்துபோயிருக்கிறது, அதற்கு மாற்று இன்னும் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை, ஃபேனைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொள்கிறார்.