'தோல்' நாவலுக்குப் பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல்லில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசுகிறோம். போன கூட்டத்துக்கு, தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றிய டி. செல்வராஜின் 'தோல்' எடுத்திருந்தோம். என் தாத்தா இங்கே ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை பார்த்தவர். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். அவர் கால்களில் இருந்த புண் தழும்புகள் எதனால் வந்தவை என்று நாவலைப் படித்த பிறகுதான் புரிந்தது. ஆனால் கூட்டத்தில் ஒரு நண்பர், "இதெல்லாம் ஆவணம், இலக்கியம் ஆகாது" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உங்கள் கருத்து என்ன? அண்மையில் நீங்கள் வாசித்தவற்றில், இப்படி ஒரு தொழிலின் உள்ளே போய்ப் பார்க்கும் நாவல்கள் இருந்தால் சொல்லுங்கள். அடுத்த சில கூட்டங்களுக்கு அவற்றையே எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்திருக்கிறது. சில மாதங்களாக நானும் இந்த வகை நாவல்களைத்தான் எடுத்து வாசித்து வருகிறேன். பெரும்பாலும் மறுவாசிப்பு.

முதலில் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். பச்சைத் தோலிலிருந்து மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்பில் ஊறப்போடுவார்கள், பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்துவார்கள் என்பது வெறும் தகவல். அதைத் தெரிந்துகொள்ள நாவல் வேண்டியதில்லை. அந்தச் சுண்ணாம்புக் குழிக்குள் ஒரு மனிதன் நாள் முழுக்க நிற்கிறான், கையும் காலும் வெந்துபோனாலும் மறுநாளும் அதே குழியில் இறங்கியாக வேண்டும், இறங்காவிட்டால் அடுப்பு எரியாது என்று தெரியவரும்போது அந்தத் தகவல் அவனுடைய வாழ்க்கையாகிவிடுகிறது. இதை எழுதிக் காட்டுவது நாவலாசிரியரின் வேலை. செல்வராஜ் திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்தவர், தொழிலாளர்களை அருகில் இருந்து பார்த்தவர். 2012-ல் இந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது மனதார மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். சங்கம் வளர்ந்து போராட்டங்கள் பெருகும் பகுதிகளில் மனிதர்கள் கொஞ்சம் பின்னுக்குப் போய்விடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். உங்கள் நண்பருக்கு அந்தப் பக்கங்களில்தான் மனக்குறை என்றால் அதில் நியாயம் உண்டு. முழு நாவலையும் அப்படித் தள்ளிவிட முடியாது.

ஒரு தொழிலைப் பற்றிய நாவலை எடுத்தால் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். அந்தத் தொழிலை எடுத்துவிட்டால் கதை நிற்குமா? நின்றால், தொழில் அதில் வெறும் பின்னணித் திரை. நிற்காது என்றால் அந்த நாவலை விடக்கூடாது.

இந்தக் கணக்கில் எனக்கு முதலில் நிற்பது இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. 1994-ல் வந்தது. தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் குடும்பத்துப் பெண் ஆரோக்கியம்தான் மையம். துணி வெளுப்பதோடு அவள் வேலை முடிவதில்லை. பிள்ளைப்பேறு பார்க்க வேண்டும், சாவு வீட்டு வேலை செய்ய வேண்டும், களத்தில் தானியம் தூற்றித் தர வேண்டும், இருட்டியதும் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி வர வேண்டும். இதில் எதற்கும் இவ்வளவு கூலி என்று பேச்சே கிடையாது. கொடுப்பவர்களின் மனசுதான் கூலி. களத்தில் தானியத்துக்காக அவள் நிற்கும் பகுதியை இந்த முறை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அவள் நேரடியாக உரிமை என்று கேட்பதில்லை. புகழ்கிறாள், கெஞ்சுகிறாள், பழைய உறவைச் சொல்கிறாள், அழுகிறாள். அந்தப் பேச்சே அவளுடைய தொழிலில் ஒரு பாகம் என்று அப்போது புரிகிறது. காலம் மாறி, துணி வெளுக்கவும் தைக்கவும் ஊருக்கு வேறு வழிகள் வந்துவிடும்போது, கொடுமையான அந்த ஏற்பாடு குலைவதே அவளுக்குப் பெரிய அடியாக இறங்குகிறது. ஒடுக்குமுறை தளர்கிறது என்று நாம் மகிழ வேண்டிய இடத்தில் ஒருத்தியின் சோறு போகிறது. இந்தச் சிக்கலை இவ்வளவு நேர்மையாக எழுதிய தமிழ் நாவல்கள் மிகக் குறைவு. உங்கள் கூட்டத்தில் இதற்கு ஒரு நாள் போதாது.

அடுத்து சா. கந்தசாமியின் 'சாயாவனம்', 1969. சின்ன நாவல். கடல் கடந்து சம்பாதித்துத் திரும்பிய சிதம்பரம் காவிரிக் கரை ஊர் ஒன்றில் ஒரு வனத்தை விலைக்கு வாங்குகிறான். அதை அழித்துக் கரும்பு ஆலை வைக்க வேண்டும். பெரும்பகுதி அந்த அழிப்பு வேலைதான். அரிவாளும் கையுமாகக் கொடிகளை அறுத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். காடு வழி விடுவதில்லை. பிறகு தீ வைக்கிறார்கள். கந்தசாமி எந்த இடத்திலும் குரலை உயர்த்தி நமக்காக வருத்தப்படுவதில்லை. எங்கே வெட்டினார்கள், எது சாய்ந்தது, தீ எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்லிக்கொண்டே போகிறார். சிதம்பரத்தின் உழைப்பையும் விடாப்பிடியையும் நாம் மதிக்கவே தொடங்கிவிடுகிறோம். அதுவரை ஊரே உண்ட புளி அந்த வனத்து மரங்களின் புளி. கடைசியில் அந்தப் புளி இல்லை. ஒரு மூதாட்டி அவனிடம் அதைப் பற்றிச் சொல்லும் இடத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை, நீங்களே போய்ச் சேருங்கள். சுற்றுச்சூழல் பற்றி இன்று எழுதப்படும் பல கதைகளைவிட இது எனக்கு நெருக்கமாக இருப்பதற்கு அந்த அடங்கிய குரலே காரணம்.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றியது. எழுதப்போகும் மக்களிடம் நேரில் போய், கேட்டு, பார்த்து எழுதுவது அவருடைய வழி. நீலகிரி படுகர்களைப் பற்றிய 'குறிஞ்சித் தேன்' நாவலையும் அப்படித்தான் எழுதினார். பொன்னாச்சியும் தம்பியும் அளத்துக்கு வேலைக்குப் போகும் கதை இது. நண்பகலில் உப்பளத்தின் நடுவே நானும் நின்றிருக்கிறேன். வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, பாத்தியில் படிந்த உப்பிலிருந்தும் எழும்பிக் கண்ணுக்குள் புகுகிறது. வாருபலகையால் உப்பை இழுத்துச் சேர்ப்பவர்களுக்குப் பார்வை மங்குவதும், உள்ளங்கால் வெடிப்பில் உப்புநீர் ஏறுவதும் வேலையோடு சேர்ந்தே வருபவை. பெண்களுக்கு இதற்கு மேல் கங்காணிகளின் தொல்லை. நடையில் நுட்பம் தேடுபவர்களுக்கு இந்த நாவல் கொஞ்சம் ஏமாற்றம் தரலாம். எனக்கு அதில் இருக்கும் கரிசனம் பெரிதாகத் தெரிகிறது.

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) பனையேறிகளைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறது. லிஸி பெரிய வீட்டுப் பெண். வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். அவள் மனம் நாடுவது பனையேறியின் மகன் தங்கராஜை. காலையும் மாலையும் மரம் ஏறுகிறவர்களால்தான் அந்த வீட்டுக்கு அக்கானி (பதநீர்) வருகிறது, கருப்பட்டி வருகிறது. அப்படியும் அந்த மகன் மாப்பிள்ளையாக வாசல்படி ஏற முடியாது. கன்னியாகுமரி வட்டாரப் பேச்சு முதல் சில பக்கங்களில் தடுக்கும், பிறகு அதுவே உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

நெசவாளர்களைப் பற்றித் தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) இருக்கிறது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு, அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டானியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பின்னதைத் தொடங்கும் முன் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் இனிக்கும் பேச்சு, முன்பணம், பிறகு அந்தக் கடனே கால்விலங்காவது எல்லாம் அதில் விரிவாக இருக்கின்றன.

உங்கள் குழுவுக்கு 'சாயாவன'த்தை முதலில் வையுங்கள். பக்கம் குறைவு, எல்லோரும் முடித்துவிட்டு வருவார்கள். ஆவணமா இலக்கியமா என்று கேட்ட நண்பரையே அன்று பேசச் சொல்லுங்கள். அதற்கு அடுத்து 'புத்தம் வீடு', பிறகு 'கரிப்பு மணிகள்'. ராஜம் கிருஷ்ணனின் எழுத்துகள் அவர் உயிரோடு இருக்கும்போதே நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, ஆகவே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 'கோவேறு கழுதைகள்' நாவலைக் கடைசியில் வைத்து, அதற்கு மட்டும் இரண்டு கூட்டங்கள் ஒதுக்குங்கள். கூட்டங்களில் என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அன்புடன்