ஆஸ்திரேலியச் சிற்றூர் மேயர்கள்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

விக்டோரியாவின் தங்கவயல் பக்கம் குடிவந்து பல வருடம் ஆகிவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் டவுன் ஹாலுக்குள் நுழைந்து, சுவரில் தங்க எழுத்தில் இருக்கும் மேயர் பெயர்ப் பலகையைப் படிப்பது என் வழக்கம். அதைச் சொன்னதும் நண்பர்கள் கேள்விகளை அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, எங்கள் டப்போவில் மேயர் இருக்கிறார். பெர்த் பக்கம் வேலைக்குப் போன என் தம்பி, அவன் ஊரில் "ஷயர் பிரசிடென்ட்" என்கிறான். இரண்டும் ஒன்றுதானா?

வேலை ஒன்றுதான். நகரத்துக்கு மேயர், சுற்றுக் கிராமங்கள் சேர்ந்த ஷயருக்குப் பிரசிடென்ட் என்பது பழைய ஏற்பாடு. மேற்கு ஆஸ்திரேலியா அதை இன்னும் வைத்திருக்கிறது. விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் இப்போது ஷயருக்கும் மேயர்தான்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் தேர்தலில் இருக்கிறது. குயின்ஸ்லாந்திலும் தாஸ்மேனியாவிலும் மக்களே நேரடியாக மேயருக்கு ஓட்டுப் போடுகிறார்கள். விக்டோரியாவில் மெல்பர்ன் மாநகரைத் தவிர மற்ற இடங்களில் கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸில் இரண்டு முறையும் உண்டு.

இந்த நகராட்சி, மேயர் ஏற்பாடு எல்லாம் எப்போது ஆரம்பித்தது?

அடிலெய்டில் 1840-இல். சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் 1842-இல். தலைநகரங்களை விட்டு வெளியே பார்த்தால் ஜிலாங் மிக முந்தியது. 1849-இல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது, டாக்டர் அலெக்ஸாண்டர் தாம்ஸன் முதல் மேயரானார்.

நியூ சவுத் வேல்ஸ் கிராமப்புறத்தில் ஆரம்பமே தகராறு. 1842-இல் மாவட்டக் கவுன்சில்களை அமைக்கப் பார்த்தார்கள். அத்தோடு போலீஸ் செலவில் பாதியையும் அவற்றின் தலையில் கட்டினார்கள். யார் ஒத்துக்கொள்வார்கள்? மக்கள் வரி கட்ட மறுத்தார்கள், அந்தக் கவுன்சில்கள் பெயரளவில் இருந்து காய்ந்து போயின. 1858 சட்டத்தில் "விருப்பம் இருந்தால் ஊரார் மனு கொடுங்கள், நகராட்சி தருகிறோம்" என்று மாற்றினார்கள். பல ஊர்கள் மனுவே கொடுக்கவில்லை. மாநிலத்தின் பெரும்பகுதிக்கு உள்ளாட்சி வந்தது 1905, 1906 சட்டங்களுக்குப் பிறகுதான்.

விக்டோரியாவில் தங்கம் கிடைத்த ஊர்களில் கதை வேறு. திடீரென்று ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்த இடத்துக்குச் சாலையும் சாக்கடையும் உடனே தேவைப்பட்டன. பெண்டிகோவும் காசில்மெயினும் 1855-லேயே நகராட்சி ஆகிவிட்டன.

பெண்கள் எப்போது உள்ளே வந்தார்கள், அண்ணா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். காசில்மெயின் எனக்கு மிகவும் பிடித்த ஊர் என்பதற்கு ஒரு பெண்தான் காரணம். பெயர் ஃபேன்னி ஃபின்ச். லண்டனில் பிறந்தவர், ஆப்பிரிக்க வம்சாவளி. பணிப்பெண்ணாகத் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்து, தங்க வேட்டைக் காலத்தில் காசில்மெயினில் சாப்பாட்டுக் கடையும் தங்கும் விடுதியும் நடத்தினார். தனியாகப் பிள்ளைகளை வளர்த்தார். கடைக்கு ஒழுங்காக நகராட்சி வரியும் கட்டினார்.

நகராட்சிச் சட்டம் வாக்குரிமையைப் பற்றிச் சொன்னபோது வரி கட்டும் "நபர்கள்" என்றுதான் எழுதியிருந்தது, "ஆண்கள்" என்று எழுதவில்லை. ஃபேன்னி அதைப் பிடித்துக்கொண்டார். 1856 ஜனவரி 22 அன்று நகராட்சித் தேர்தலில் போய் ஓட்டுப் போட்டுவிட்டார். அன்று ரகசிய வாக்கு கிடையாது, சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் அந்த ஓட்டைச் செல்லாது என்று தள்ளினார்கள். ஆனால் அவர் கையெழுத்திட்ட சீட்டு இன்றும் இருக்கிறது.

அதே மாதிரி இன்னொன்றும் நடந்தது. 1863-இல் விக்டோரியா, நகராட்சி வரிப்பட்டியலில் உள்ள எல்லாரும் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடலாம் என்று சட்டம் எழுதியது. பட்டியலில் பெண்களும் இருந்தார்கள் என்பதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. 1864 தேர்தலில் பெண்கள் போய் ஓட்டுப் போட்டார்கள். மறுவருடமே சட்டத்தைத் திருத்தி வழியை அடைத்துவிட்டார்கள்.

பதவிக்கு வர இன்னும் நெடுங்காலம் ஆனது. டாக்டர் எலன் கென்ட் ஹியூஸ் 1923-இல் கிங்கராய் ஷயர் கவுன்சிலுக்குத் தேர்வானார், குயின்ஸ்லாந்து உள்ளாட்சியில் அவர்தான் முதல் பெண். அந்த மாநிலம் ஒரு பெண் மேயரைப் பார்க்க மேலும் 44 வருடம் பிடித்தது: டூவூம்பாவின் நெல் ராபின்சன், 1967. அவர் 1981 வரை மேயராக இருந்தார்.

டூவூம்பாவில்தான் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரின் முதல் மேயர் ஒரு கைதி என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். நிஜமா?

நிஜம். வில்லியம் ஹென்றி க்ரூம். இங்கிலாந்தின் பிளிமத்தில் பிறந்தவர். 1846-இல், பதின்மூன்று வயதில், பணக் கையாடலுக்காகத் தண்டிக்கப்பட்டார். 1849-இல் ஹஷெமி என்ற கப்பலில் சிட்னிக்குக் கொண்டுவரப்பட்டார். அந்தக் கப்பல் வந்தபோது, இனிக் கைதிகளை இங்கே அனுப்பாதே என்று துறைமுகத்தில் பெரிய போராட்டமே நடந்தது. யாரும் வேண்டாம் என்ற கப்பலில் வந்த பையன் 1861-இல் டூவூம்பாவின் முதல் மேயர்.

அதன் பிறகும் பலமுறை மேயரானார். ஊர்ப் பத்திரிகையை நடத்தினார், குயின்ஸ்லாந்து சட்டமன்ற சபாநாயகராக உயர்ந்தார். 1901-இல் முதல் கூட்டாட்சி நாடாளுமன்றம் கூடியபோது அதில் உறுப்பினர். கைதியாக நாடுகடத்தப்பட்டு அந்த அவையில் உட்கார்ந்தவர் அவர் ஒருவரே. சில மாதங்களில் இறந்துபோனார். அந்த இடத்துக்கு நடந்ததுதான் நாட்டின் முதல் கூட்டாட்சி இடைத்தேர்தல். ஜெயித்தவர் அவர் மகன் லிட்டில்டன் க்ரூம். உங்கள் "க்ரூம்" தொகுதிக்குப் பெயர் வைத்தது மகனின் நினைவாக. எனக்கு என்னவோ அது அப்பாவின் நினைவாக இருந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

வெள்ளையர் அல்லாதவர்கள் மேயரானது உண்டா?

டார்வினைப் பாருங்கள். ஹாரி சான், சீன வம்சாவளி, 1966-இல் மேயரானார். வெள்ளையர் அல்லாதவர்களைக் குடியேறவிடாமல் தடுத்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை பெரிய அளவில் தளர்ந்ததும் அதே வருடம்தான். 1969-இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். பிறகு அலெக் ஃபாங் லிம் 1984 முதல் 1990 வரை. அவர் மகள் கத்ரீனா 2012-இல் அதே நாற்காலிக்கு வந்தார்.

பூர்வகுடிகளின் கதை இவ்வளவு சுலபமாக இல்லை. குயின்ஸ்லாந்தின் வடக்கில் அவுருக்குன் என்ற பூர்வகுடி ஊர். அதன் நிர்வாகத்தை 1978-இல் மாநில அரசு திருச்சபையிடமிருந்து தன் கைக்கு எடுக்க முயன்றது. மத்திய அரசு குறுக்கே வந்தது. சமரசமாக அவுருக்குனுக்கும் மோர்னிங்டன் தீவுக்கும் ஷயர் கவுன்சில் கொடுத்தார்கள். சில மாதங்களுக்குள் மாநில அரசே அவுருக்குன் கவுன்சிலைக் கலைத்துவிட்டது. இதைப் படிக்கும்போது இன்றும் கோபம் வருகிறது.

மேற்கில் எர்னி பிரிட்ஜ் ஹால்ஸ் கிரீக் ஷயரின் தலைவராக இருந்து, 1980-இல் சட்டமன்றம் போய், 1986-இல் அமைச்சரானார். நாட்டில் எந்த அரசிலும் அமைச்சரான முதல் பூர்வகுடி அவர்.

ஊர் மேயர் ஒருவர் நாட்டு அரசியலையே மாற்றியிருக்கிறாரா, அல்லது எல்லாம் குப்பைத் தொட்டியும் சாலைப் பள்ளமும்தானா?

குப்பையையும் பள்ளத்தையும் குறைவாக நினைக்காதீர்கள். பென் சிஃப்லி பாதர்ஸ்ட் பக்கத்து அபர்க்ராம்பி ஷயர் கவுன்சிலில் 1933-இல் சேர்ந்து, பிரதமர் ஆன பிறகும் 1947 வரை அதில் இருந்தார்.

உங்கள் கேள்விக்குச் சரியான பதில் அல்பரியின் கிளீவர் பன்டன். பல பத்தாண்டுகள் மேயர். 1975 தொடக்கத்தில் தொழிற்கட்சி செனட்டர் லயனல் மர்ஃபி உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் ஒரு செனட் இடம் காலியானது. அதே கட்சிக்காரரைத்தான் அனுப்புவது மரபு. நியூ சவுத் வேல்ஸின் லிபரல் முதல்வர் டாம் லூயிஸ் மரபை உடைத்து, கட்சி சாராத பன்டனை அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 72.

அவர் லிபரல் பக்கம் சாய்வார் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த அக்டோபரில் பிரதமர் விட்லமின் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்த பட்ஜெட்டை எதிர்க்கட்சி செனட்டில் நிறுத்தியபோது, அப்படி நிறுத்துவதற்கு எதிராகப் பன்டன் ஓட்டுப் போட்டார். தொழிற்கட்சியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நியாயத்தை அவர் மறக்கவில்லை. பல வருடம் ஒரு ஊரின் சண்டைகளைப் பஞ்சாயத்துப் பண்ணியவருக்கு அந்த நேர்மை இயல்பாக வந்தது என்று நம்புகிறேன். அரசு எப்படியும் நவம்பர் 11 அன்று கலைக்கப்பட்டது. 1977-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, காலியிடத்துக்கு அதே கட்சிக்காரரே என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள்.

எங்கள் ஷயரைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள். யாரும் எங்களைக் கேட்கவில்லை. இது சட்டப்படி சரியா?

சட்டப்படி சரி, அதுதான் வேதனை. ஆஸ்திரேலிய அரசியல் சாசனத்தில் உள்ளாட்சி என்ற சொல்லே கிடையாது. கவுன்சில் என்பது மாநிலச் சட்டம் பெற்ற பிள்ளை. சாசனத்தில் சேர்க்க 1974-இலும் 1988-இலும் வாக்கெடுப்பு நடத்தினார்கள், இரண்டும் தோற்றன. இரண்டாவது தடவை மூன்றில் ஒரு பங்கினர்தான் ஆதரித்தார்கள்.

அதனால் மாநிலங்கள் நினைத்தால் வெட்டலாம், ஒட்டலாம். விக்டோரியாவில் கென்னட் அரசு 1990-களில் 210 கவுன்சில்களை 78 ஆக்கியது. தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களை வீட்டுக்கு அனுப்பி, ஆணையர்களை உட்காரவைத்தது. குயின்ஸ்லாந்து 2008-இல் 157-ஐ 73 ஆக்கியது.

ஆனால் திரும்பப் பிரிந்த ஊர்களும் உண்டு. நூசா, டக்ளஸ், லிவிங்ஸ்டன், மரீபா நான்கும் 2013 மார்ச்சில் வாக்கெடுப்பில் ஜெயித்து, 2014 ஜனவரி 1 முதல் தனிக் கவுன்சில்களாயின. பிரிவதற்கான செலவு அந்த ஊர் மக்களுடையது என்று முன்கூட்டியே சொல்லியும் ஓட்டுப் போட்டார்கள். நீங்கள் போராட நினைத்தால், முதலில் கணக்கைக் கையில் எடுங்கள்: வரி எவ்வளவு ஏறும், சாலை இயந்திரங்கள் யாருக்கு, கடன் யாருக்கு. 

ஒரு மேயர் நல்லது செய்யப் போய் ஊரே எதிர்த்தது உண்டா?

மறுபடியும் டூவூம்பா. 2000-களின் வறட்சியில் அணைகள் வற்றிக்கொண்டிருந்தன. மேயர் டயான் தோர்லி, கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரோடு சேர்க்கலாம் என்றார். 2006 ஜூலையில் ஊர் வாக்கெடுப்பு. சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கடைசியில் வைவன்ஹோ அணையிலிருந்து மலை ஏற்றிக் குழாயில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. அவர் சொன்னது சரி என்பதே என் எண்ணம். ஆனால் ஊரைக் கேட்டது அவராக எடுத்த முடிவு அல்ல, நிதி வேண்டுமானால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று மத்திய அரசு போட்ட நிபந்தனை.

பிலோயிலா இருப்பது "பனானா ஷயர்" என்கிறார்களே. அங்கே வாழைத்தோட்டம் இருக்கிறதா?

வாழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பனானா என்பது ஒரு காளையின் பெயர். மங்கிய மஞ்சள் நிறம். முரட்டு மாடுகளைத் தொழுவத்துக்குள் கொண்டுவர அந்தக் காளையை முன்னால் விட்டு ஓட்டுவார்களாம். முதலில் ஒரு ஊருக்கு அந்தப் பெயர் வந்தது, பிறகு ஷயருக்கே வந்தது. இப்போது தலைமை அலுவலகம் பிலோயிலாவில் இருக்கிறது.

நம்மவர்களுக்கு அந்த ஊர் தெரிந்தது வேறு காரணத்தால். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலை, இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றை அங்கிருந்து தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களை எங்கள் ஊருக்கே திருப்பி அனுப்பு என்று நான்கு வருடம் விடாமல் கேட்டவர்கள் அந்தச் சிறிய ஊரின் மக்கள். 2022 ஜூன் 10 அன்று தங்கூல் விமான நிலையத்தில் குடும்பம் வந்து இறங்கியபோது வரவேற்க நின்றவர்களும் அவர்கள்தான்.